அமோனியா அடித்து ஆறு வாரமாகியும் தம்பிக்கு மூச்சு முட்டுகிறது: எக்ஸ்ரே சுத்தமென்றால் நோய் இல்லையென்று ஆகுமா?

கேள்வி: கடலோரத்து அக்கா

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு வயது 31. படகுகளுக்கு ஐஸ் கட்டி விற்கும் ஓர் ஆலையில் ஏழு வருடங்களாக மெஷின் அறையைப் பார்த்துக்கொள்கிறான். ஆறு வாரங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், மெஷினுக்குக் குளிர் தரும் அமோனியா நிற்கும் தொட்டியின் அடியில் தேங்கியிருந்த ஒயிலை வாளிக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது, ஒயில் முடிந்ததும் அமோனியா வெள்ளைப் புகையாகப் பீறிட்டு அடித்திருக்கிறது. உடனே ஓடிவந்திருக்கலாம். ஆனால், தொட்டி முழுவதும் காலியாகிவிடுமே என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு திரும்பிப் போய், கையால் தடவி வால்வைப் பூட்டிவிட்டுத்தான் வெளியே வந்து விழுந்தான். இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ உள்ளே நின்றிருப்பான் என்கிறார்கள்.

கூட வேலை செய்பவர்கள் குழாயடியில் உட்காரவைத்துக் கண்ணைக் கழுவி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாட்கள் ஒட்சிசன் கொடுத்து, மருந்துப் புகை பிடிக்கவைத்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நுரையீரல் சுத்தமாக இருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணும் தப்பிவிட்டது. எல்லாம் முடிந்ததென்றே நினைத்தோம்.

ஆனால், வீட்டுக்கு வந்த நாள் முதல் இரவு இரண்டு மணிக்குப் பிறகு இருமல் அவனைத் தூங்கவிடுவதில்லை. அம்மா சம்பலுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தால் படலையைத் தாண்டிப் போய் நிற்கிறான். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகைக்கும் நெஞ்சு இறுகுகிறது. போன வாரம் கோணேசர் கோயிலுக்குப் போனபோது, சிறுவயதில் என்னை முந்திக்கொண்டு ஓடி ஏறிய அதே ஏற்றத்தில் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கினான். அவனுக்கு முன்னர் தொய்வு (ஆஸ்துமா) இருந்ததில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

முதலாளி தரப்போ, அவன் முன்பு சிகரட் குடித்தவன், அதனால்தான் இந்த இருமல் என்கிறது. குடித்தது உண்மை. நிறுத்தி நான்கு வருடமாகிவிட்டது. அமோனியா மணந்தால் தடிமன் இறங்கும், அது ஒருவருக்கும் கெடுதல் செய்ததில்லை என்று அங்கே இருக்கும் மூத்தவர்களும் சொல்கிறார்களாம். ஒரே ஒரு தடவை சுவாசித்த வாயு இத்தனை நாள் நீடிக்கும் நோயைத் தருமா? எக்ஸ்ரேயில் தெரியாததை வேறு எப்படிப் பார்ப்பது? அவன் அதே அறைக்குத் திரும்பிப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் பதில் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். பாலும் பனங்கட்டியும் கொடுக்கச் சொல்லி மாமி தினமும் அனுப்பிக்கொண்டிருக்கிறார், அதையும் கேட்டு வைக்கிறேன்.


பதில் 1: பழைய மெஷின்காரன்

தங்கச்சி, நான் கிண்ணியாவைச் சேர்ந்தவன். ஐஸ் மெஷின்களோடு 28 வருடங்கள் கழித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். வைத்தியம் எனக்குத் தெரியாது. அந்த அறைக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். வைத்தியரிடமும் தொழில் அலுவலகத்திலும் பேசும்போது உங்களுக்கு அது உதவும்.

கொம்பிரசரில் ஊற்றும் ஒயிலில் கொஞ்சம் எப்போதும் அமோனியாவோடு சேர்ந்து குழாய்க்குள் போய்விடும். அது திரவ அமோனியாவில் கரையாது. அதைவிடப் பாரமானது என்பதால் தாழ்ந்த இடங்களில் போய்த் தங்கும். தங்கவிட்டால் மெஷினின் குளிர் குறையும், ஆகவே அவ்வப்போது இறக்கியே ஆகவேண்டும். ஐஸ் ஆலையில் ஆளை அடிக்கும் வேலைகளில் முதலிடம் இதற்குத்தான். ஒயில் வந்துகொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது முடிந்த கணத்தில் பின்னால் நிற்கும் திரவ அமோனியா வெளியே வரும். அதன் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 33 பாகை என்பதால், வெளியே வந்ததும் கொதித்து ஏறத்தாழ 850 மடங்கு விரியும். ஒரு போத்தல் கசிந்தாலே ஓர் அறைக்குள் ஆள் நிற்க முடியாது.

முறையாகச் செய்வதென்றால், அந்தப் பாத்திரத்தை மற்றக் குழாய்களிலிருந்து பூட்டிப் பிரித்து, உள்ளே இருக்கும் அமோனியாவை மெஷினே இழுத்துக்கொள்ள விட்டு, அழுத்தம் இறங்கிய பிறகே ஒயிலைத் திறக்க வேண்டும். அதிலும் ஒரு வால்வு போதாது, இரண்டு வேண்டும். இரண்டாவது, ஸ்பிரிங் வைத்த வால்வு. கையால் அமுக்கிப் பிடித்திருக்கும்வரைதான் அது திறந்திருக்கும். ஆள் மயங்கினாலும் பயந்து ஓடினாலும் கை விட்டதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். உங்கள் தம்பி திரும்பிப் போய்ப் பூட்டினார் என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு அந்த வால்வுதான் நினைவுக்கு வந்தது. அது வேலை செய்திருந்தால் அவர் திரும்பிப் போயிருக்க வேண்டியதே இல்லை. கை வலிக்கிறதென்று அதைக் கம்பியால் இழுத்துக் கட்டி வைத்த ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அப்படி ஒரு வால்வு இருந்ததா என்று அவரிடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். அமோனியா காற்றைவிட இலேசானது, மேலே போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். வாயுவாக இருக்கும்போது அது சரி. ஆனால், திரவமாகப் பீறிடும்போது குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து பனிமூட்டம் போலத் தரையோடு தவழும். திருகோணமலைக் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. குனிந்தால் தப்பலாம் என்று குனிபவர் அந்த மூட்டத்துக்குள்ளேயே தலையைக் கொடுக்கிறார். நாங்கள் கூரையில் ஒரு தடியை நட்டு, பழைய சாரத்துண்டு ஒன்றைக் கட்டி வைத்திருந்தோம். கச்சான் வீசுகிறதா வாடை வீசுகிறதா என்று அதைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்காக ஓடுவோம்.

தடிமன் இறங்கும் என்ற கதையை நானும் கேட்டு வளர்ந்தவன்தான். மூக்கு அந்த நாற்றத்துக்குப் பழகிவிடும், அதுதான் ஆபத்து. புதிதாகச் சேர்ந்த பொடியன் மூக்கைப் பொத்துகிற இடத்தில் எனக்கு ஒன்றுமே மணக்காது. கசிவு தேடும்போது கந்தகத் திரியைக் கொளுத்திப் பிடித்து, வெண்புகை எழுகிறதா என்று கண்ணால்தான் பார்ப்போம். வியர்த்த நாளில் கமக்கட்டும் கழுத்து மடிப்பும் எரிந்தால் கசிவு இருக்கிறதென்று அர்த்தம். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கடிப்பது அதன் குணம்.


பதில் 2: நெஞ்சுநோய்ப் பிரிவு

சகோதரி, நான் சுவாச நோய்ப் பிரிவில் பணியாற்றும் வைத்தியர். நேரில் பார்க்காத ஒருவருக்கு இதுதான் நோய் என்று எழுதுவது முறையல்ல. ஆனால், நீங்கள் எழுதியிருக்கும் வரலாறு எங்களுக்குப் பழக்கமான ஒன்று.

ஈரத்தைக் கடிக்கும் குணம் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது மருத்துவ நூல் சொல்வதும் ஆகும். எரிச்சலூட்டும் வாயு ஒன்று உடலில் எந்த இடத்தைத் தாக்கும் என்பதை, அது நீரில் எவ்வளவு கரையும் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அமோனியா மிக எளிதில் கரையும். ஆகவே கண், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் மேற்பகுதி ஆகியவற்றின் ஈரத்தில் கரைந்து, காரமாக மாறி, அங்கேயே திசுவைக் கரைத்துப் புண்ணாக்குகிறது. குளோரின் இடைத்தரமாகக் கரைவதால் மேலேயும் கீழேயும் தாக்கும். நைதரசன் ஈரொட்சைட்டும் பொஸ்ஜீனும் குறைவாகவே கரைவதால், ஆரம்பத்தில் பெரிய எரிச்சல் எதையும் காட்டாமல் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். அவற்றைச் சுவாசித்தவர் நன்றாக நடந்து வீட்டுக்குப் போய், ஒரு நாளுக்குள் நுரையீரலில் நீர்கோத்து மூச்சுத் திணறி வருவதுண்டு. அமோனியாவின் எரிச்சல் ஆளை வெளியே துரத்திவிடுவதால் பொதுவாக அது ஆழம்வரை போவதில்லை. உங்கள் தம்பியோ வெளியேறாமல் உள்ளே நின்றிருக்கிறார்.

எக்ஸ்ரே பற்றிக் கேட்டீர்கள். அது நுரையீரலில் நீரோ சளியோ கட்டியிருப்பதைக் காட்டும். மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியிருப்பதையும், சிறு தூண்டலுக்கே அது சுருங்குவதையும் காட்டாது. சாதாரண தொய்வு நோயாளிகளில் பலருக்கும் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். ஆகவே அந்தப் படம் சொன்னது உண்மை, ஆனால் அது உங்கள் கேள்விக்கான பதில் அல்ல.

ஒரே தடவை சுவாசித்ததால் நீடித்த நோய் வருமா என்றால், வரும். 1985இல் அமெரிக்க வைத்தியர் ஸ்டுவர்ட் புரூக்ஸும் அவரோடு பணியாற்றியவர்களும், முன்னர் சுவாச நோய் இல்லாத 10 பேர், எரிச்சலூட்டும் வாயுவையோ புகையையோ ஒரே தடவை பெருமளவில் சுவாசித்த பின் தொய்வைப் போன்ற நோய்க்கு ஆளானதை விவரித்து, அதற்குத் தனிப் பெயரும் இட்டார்கள். அவர்களுக்கு நோய்க்குறிகள் ஓராண்டுக்கு மேலும், சிலருக்குப் பல ஆண்டுகளும் நீடித்தன. இதை இன்று எரிச்சலால் வந்த தொய்வு என்ற பெரிய வகைக்குள் வைக்கிறோம். அடையாளம் காண நாங்கள் பார்ப்பவை இவை: முன்னர் சுவாச நோய் இருந்திருக்கக் கூடாது, வாயுவின் அளவு மிக அதிகமாக இருந்திருக்க வேண்டும், குறிகள் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி மூன்று மாதங்களாவது நீடிக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு ஆறு வாரங்களே ஆகியிருப்பதால் அந்தப் பெயரை இப்போதே உறுதியாக இடமுடியாது. சிகிச்சை அந்தப் பெயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மிளகாய் வறுக்கும் நெடி, சாம்பிராணி, நுளம்புச் சுருள், வாசனைத் தைலம் என்று சம்பந்தமில்லாத எல்லாவற்றுக்கும் நெஞ்சு இறுகுவது, புண்பட்ட குழாய் எதற்கும் துள்ளும் நிலைக்கு வந்துவிட்டதற்கான அடையாளம். இதை அளந்து காட்டலாம். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்குக் கேளுங்கள். முதல் விநாடியில் எவ்வளவு காற்றை ஊதுகிறார் என்று அளந்து, குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்தைக் கொடுத்துச் சிறிது நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். 12 வீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால் குழாய் சுருங்கியிருந்தது உறுதி. ஒரே தடவையில் அகப்படாவிட்டால் மனந்தளர வேண்டாம். நல்ல நாளில் ஊதினால் எண் சரியாகவே வரும். அப்படியானால் சுருக்கத்தைத் தூண்டிப் பார்க்கும் மெத்தக்கோலின் பரிசோதனை உண்டு. அதுவரை, கையால் பிடித்து ஊதும் சிறு மானியில் காலை, மதியம், மாலை, படுக்கப்போகும் நேரம் என்று நான்கு தடவை ஊதி எண்ணைக் குறித்து வரச் சொல்லுங்கள்.

சிகரட் பற்றிய வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. புகைப்பதால் வரும் நுரையீரல் நோய் பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல வருவது. 31 வயதில், நிறுத்தி நான்கு வருடங்களுக்குப் பிறகு, குறிப்பிட்ட ஒரு விடியற்காலையில் அது தொடங்குவதில்லை.

சிகிச்சையைப் பொறுத்தவரை, உறிஞ்சும் ஸ்டீரொயிட் மருந்தே முதன்மையானது. நெஞ்சு இறுகும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரை அடித்துவிட்டு இருப்பது போதாது, அது சுருக்கத்தை அவிழ்க்குமே தவிர வீக்கத்தை ஆற்றாது. பம்ப் பழகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள், கேட்காதீர்கள். பாலும் பனங்கட்டியும் உணவுக்குழாய் வழியாகப் போகின்றன. மூச்சுக்குழாயை அவை தொடுவதே இல்லை. மாமியின் மனம் நோகாமல் குடித்துவிட்டு மருந்தையும் எடுக்கட்டும். குரல் கரகரப்பாக இருந்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடமும் காட்டுங்கள், ஏனெனில் குரல்நாண் சுருங்குவதும் தொய்வைப் போலவே ஏமாற்றும். வாரத்துக்கு வாரம் மூச்சு மோசமானால் சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். பேசி முடிக்க மூச்சுப் போதாமலோ உதடு நீலமாகவோ போனால் பரிசோதனைக்கான திகதி வரும்வரை காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

வேலைக்குத் திரும்புவது பற்றி: ஒவ்வாமையால் வந்த தொய்வென்றால் அந்தப் பொருளின் சிறு துகள்கூட ஆகாது என்று சொல்லியிருப்பேன். இது அப்படியல்ல. அளவு குறைவாக இருந்தால் அவர் தாங்கிக்கொள்ளக்கூடும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் அமோனியாவுக்குப் பரிந்துரைக்கும் எல்லை, வேலைநாள் முழுவதற்கும் சராசரியாகப் பத்து இலட்சத்தில் 25 பங்கு, 15 நிமிடத்துக்கு 35 பங்கு. 300 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்து. ஆனால், அந்த அறையில் யாராவது அளந்து வைத்திருக்கிறார்களா? அளக்காத அறைக்கு, குணமாகாத நெஞ்சோடு அவரை அனுப்ப நான் எழுத்தில் சம்மதிக்கமாட்டேன்.


பதில் 3: நிலாவெளி

ஹோட்டல் ஒன்றில் நீச்சல் தடாகத்தைப் பராமரிப்பவன். எனக்கு நடந்தது குளோரின். தண்ணீரின் அமிலத்தன்மையைச் சரிசெய்ய வைத்திருந்த அசிட்டில் கொஞ்சம் வாளியின் அடியில் இருந்ததைக் கவனிக்காமல், அதே வாளியில் குளோரின் தூளைப் போட்டுவிட்டேன். மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு புகை வந்தது. அது மேலே எழவே இல்லை, வாளியின் விளிம்பால் வழிந்து காலடியில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதுதான் என் பிழை. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு பாரமானது என்று பிறகுதான் சொன்னார்கள். மருந்துகள் வைத்திருக்கும் அறை தரைக்குக் கீழே, இரண்டு படி இறங்கும் பள்ளத்தில் இருந்தது.

எனக்கு இருமல் நான்கு மாதங்களில் தானாகவே குறைந்துவிட்டது. எல்லோருக்கும் அப்படி ஆகுமென்று சொல்ல வரவில்லை. வீடுகளிலும் கழிவறை கழுவும் அசிட்டையும் வெளுக்கும் தூளையும் ஒன்றாக ஊற்றுகிறார்கள், நடப்பது அதேதான். முகக்கவசம் வாங்குவதென்றால் துணியாலானதும் வைத்தியசாலையில் கட்டுவதும் வாயுவுக்குப் பயன்படா. வடிகட்டிக் குப்பி மாட்டியது வேண்டும். குளோரினுக்கு வேறு குப்பி, அமோனியாவுக்கு வேறு குப்பி. தாடி இருந்தால் இரப்பர் முகத்தோடு ஒட்டாது, எந்தக் குப்பியானாலும் பக்கத்தால் உள்ளே வரும்.


பதில் 4: தொழில் வழக்கு

சகோதரி, வைத்தியம் ஒருபுறம் நடக்கட்டும், கடதாசி வேலையையும் இன்றே தொடங்குங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலையின்போது வேலையின் காரணமாக விபத்தில் காயமடைந்தவருக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். முதலாளியின் கவனயீனத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. நிரூபிக்க வேண்டியது, இந்த நெஞ்சு அந்த விடியற்காலையால் இப்படியானது என்பதைத்தான். எலும்பு முறிந்தவருக்கு அது எளிது. மூச்சு முட்டுபவருக்குத் திகதிகள்தான் சாட்சி. வைத்தியசாலை தந்த வெளியேற்ற அட்டையில் "அமோனியா" என்ற சொல் இருக்கிறதா அல்லது வெறுமனே "இருமல்" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த தடவை காட்டும்போது எந்த வாயு, எத்தனை நிமிடம், கதவும் யன்னலும் திறந்திருந்தனவா என்பதைச் சொல்லிப் பதியவையுங்கள்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, வேலை செய்ய இயலாமல் ஆளை வீழ்த்தும் விபத்தை முதலாளி தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். முதலாளியோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. சிறிய ஆலைகளில் பலர் சட்டம் தெரியாமலேயே இருக்கிறார்கள், கேட்டபிறகு ஒழுங்காக நடந்துகொண்டவர்களும் உண்டு. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "முழுச் சுகம்" என்று எழுதிய எந்தத் தாளிலும், வைத்தியர் அப்படிச் சொல்லும்வரை, தம்பி கையெழுத்து வைக்க வேண்டாம்.


மீண்டும்: கடலோரத்து அக்கா

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பதினெட்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஊதவைத்தார்கள். மருந்துக்குப் பிறகு 16 வீதமும் 400 மில்லிலீற்றரும் கூடியது. அந்த வைத்தியரும் ஏறத்தாழ இங்கே எழுதியதையே சொல்லி, காலையும் இரவும் உறிஞ்சும் மருந்து கொடுத்திருக்கிறார். பத்தாம் நாளிலிருந்து இரவு இருமல் குறைந்திருக்கிறது. மிளகாய் வறுக்கும்போது இன்னமும் படலைக்குத்தான் போகிறான். வெளியேற்ற அட்டையில் "இருமல், கண் எரிவு" என்று மட்டும்தான் இருந்தது. இப்போது புதிய அட்டையில் அமோனியா என்று எழுதி வாங்கியிருக்கிறோம்.

முதலாளியிடம் எழுத்தில் கேட்டோம். விபத்தை அறிவிக்கவில்லை, இனி அறிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஐஸ் விற்கும் மேசையில் உட்காரச் சொல்கிறார். அந்த மேசைக்கும் மெஷின் அறைக் கதவுக்கும் இருபது அடி தூரம்கூட இல்லை என்பதால், அளந்து பார்க்கும்வரை தம்பி வீட்டில்தான் இருக்கிறான்.

கிண்ணியா நானா, நீங்கள் கேட்ட ஸ்பிரிங் வால்வைப் பற்றி அவனிடம் கேட்டேன். இருந்ததாம். கொப்பியில் படமே கீறிக் காட்டினான். கைபிடியைச் சுற்றிக் கம்பி கட்டியிருந்ததாம். யார் கட்டியது என்று கேட்டேன். தெரியாது, தான் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அந்தக் கம்பி துருப்பிடித்திருந்தது என்றான்.